பெடல் கல்லானால் என்ன செய்வது?

(தோட்டச் சாரதிகளுக்கும் குடும்பத்தினருக்கும் நடந்த கூட்டமொன்றில் வாகனம் திருத்தும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வாகனத்தைப் பற்றிய பேச்சுக்குச் சாரதிகளைக் கூப்பிட்டால் போதாதா, கொழுந்து எடுக்கும் அக்காமாரும் படிக்கும் பிள்ளைகளும் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் தோட்டத்தில் வாகனம் என்பது சாரதி ஒருவருடைய சொத்து அல்ல. பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், கர்ப்பிணித் தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதும், கல்யாணத்துக்கும் கதிர்காமத்துக்கும் குடும்பமே கிளம்பிப் போவதும் அதே வேனில்தான். பிரேக் ஒன்று, அதை நம்பி ஏறும் உயிர் பதினைந்து. ஆகவே பிரேக்கைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது பெடல் இறுகிப் போவது. "அண்ணே, பிரேக் மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்க மாட்டேங்குது" என்று சொல்வார்கள் அல்லவா, அதுதான்.

இரண்டு நோய், இரண்டு மருந்து

முதலில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பெடலுக்கு இரண்டு விதமான நோய் வரும். ஒன்று, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். அது பிரேக் ஒயில் சம்பந்தப்பட்டது. ஒயில் கசிந்திருக்கும், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்திருக்கும். மற்றது, பெடல் கல் போல இறுகிப் போகும். இதில் ஒயிலும் இருக்கும், பிரேக்கும் இருக்கும். காலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உதவி மட்டும் நின்றுபோயிருக்கும்.

இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பாதையில் போகும்போது ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றதற்குச் செய்தால் ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலுக்கு உதவி எங்கிருந்து வருகிறது?

ஒரு வேன், ஆள் ஏறினால் இரண்டு டன்னுக்கு மேல் பாரம். அதை ஒரு மனிதனின் கால் எப்படி நிறுத்துகிறது? கால் மட்டும் நிறுத்துவதில்லை. காற்று கைகொடுக்கிறது.

பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு வட்டப் பெட்டி இருக்கும். அதற்குப் பெயர் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. இஞ்சின் ஓடும்போது இரண்டு அறையிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டுவிடும். நாம் பெடலை மிதித்ததும் பின் அறைக்கு மட்டும் வெளிக்காற்று திறந்துவிடப்படும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெறுமை. காற்று அந்தத் திரையை முன்னே தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் நம் காலுக்குக் கிடைக்கும் உதவி.

காற்றுக்கு அவ்வளவு பலமா என்று கேட்கலாம். 1650களில் ஜேர்மனியில் ஒட்டோ வொன் கெரிக் என்பவர் இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார். குதிரைகளால் அதைப் பிரிக்க முடியவில்லை. வெளிக்காற்று அப்படி அமத்திப் பிடித்திருந்தது. அதே பலம்தான் நம் வேனுக்குள்ளும் வேலை செய்கிறது. 9 அங்குல விட்டமுள்ள பூஸ்டர் ஒன்று, கடல் மட்டத்தில் நல்ல நிலையில் இருந்தால், ஏறக்குறைய 290 கிலோ பலத்தோடு தள்ளும். 50 கிலோ அரிசி மூட்டை ஆறை அடுக்கி வைத்தது மாதிரி.

காற்றை உறிஞ்சுவது யார்? பெட்ரோல் வண்டியில் இஞ்சினே உறிஞ்சும். இஞ்சினின் காற்று போகும் குழாயிலிருந்து பூஸ்டருக்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் போகும். டீசல் இஞ்சின் அப்படி உறிஞ்சாது. அதனால் டீசல் வேனிலும் சின்ன லொறியிலும் தனியாக ஒரு வெக்கியூம் பம்ப் இருக்கும். நம் பக்கத்தில் ஓடும் பழைய ஹையேஸ் டீசல் வேன்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பிமாரே: அந்த மாதிரி வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போவதில்லை, பிரேக்கின் உதவியும் போகும். இறக்கத்தில் பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்த வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவுக்குப் பூஸ்டர் கிடையாது. பெரிய பஸ்ஸுக்கும் பெரிய லொறிக்கும் காற்று பிரேக், அது வேறு முறை. ஹைபிரிட் கார்களில் மின்சாரத்தால் இயங்கும் முறை உண்டு, அதை வீட்டில் தொடவே கூடாது. நான் சொல்வது சாதாரண கார், வேன், சின்ன லொறிகளுக்கு மட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஏன் இது முக்கியம்?

தாய்மார்களுக்குத் தெரியும், கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளை "அங்கே பருப்பு சீக்கிரம் வெந்துவிடுது அம்மா" என்று சொல்லும். நுவரெலியாவில் பருப்பு வேகத் தாமதமாகும். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது.

பருப்புப் பானைக்கு நடப்பதுதான் பூஸ்டருக்கும் நடக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹட்டனில் ஏழில் ஒரு பங்கு குறைவு. தள்ளுகிற காற்றே குறைந்துவிட்டால் கிடைக்கும் உதவியும் குறையும். கொழும்பில் ஆறு மூட்டை பலம் கொடுத்த அதே பூஸ்டர் நுவரெலியாவில் நாலரை மூட்டை பலம்தான் கொடுக்கும். வண்டியில் பழுது ஒன்றும் இல்லாமலே இந்தக் குறைவு இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, கீழ்நாட்டில் தெரியாத ஒரு சின்னக் கசிவு இங்கே காலில் தெரியும். "கொழும்பில நல்லாத்தான் பிடிச்சுது, மலைக்கு வந்தா இறுகுது" என்று யாராவது சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குழாயைப் பாருங்கள். இரண்டு, கராஜில் வெக்கியூம் கேஜ் வைத்துப் பார்க்கும் தம்பிமார் இதை நினைவில் வைக்க வேண்டும். பெட்ரோல் இஞ்சினுக்குப் புத்தகத்தில் 18 முதல் 22 அங்குலம் என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியாவில் 12 முதல் 16 வரை காட்டினால் இஞ்சின் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

வீட்டு வாசலில் செய்யும் மூன்று சோதனை

இதற்கு ஆயுதம் ஒன்றும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன்னும் பின்னும் சில்லுக்குக் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிள்ளைகள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது.

முதல் சோதனை: இஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்து ஆறு தரம் மிதியுங்கள். பெடல் இறுகும். இறுகிய பெடலில் காலை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணுங்கள். இஞ்சின் பிடித்ததும் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் உதவி வருகிறது. இறங்காவிட்டால் வெக்கியூம் பூஸ்டருக்கு வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டர் கெட்டுவிட்டது.

இரண்டாவது: இஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போது மெதுவாக மூன்று தரம் மிதியுங்கள். முதல் தரம் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாம் தரம் குறையும், மூன்றாம் தரம் இன்னும் குறையும். முதல் மிதியிலேயே கல்லாக இருந்தால், சேர்த்து வைத்த வெக்கியூம் நிற்கவில்லை. குழாயிலோ, செக் வால்விலோ, பூஸ்டரிலோ கசிவு உண்டு.

மூன்றாவது: இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடியுங்கள். பிடித்தபடியே இஞ்சினை நிறுத்துங்கள். அரை நிமிடம் பாருங்கள். பெடல் அப்படியே நிற்க வேண்டும். காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால் பூஸ்டருக்குள் கசிவு.

மொத்தம் ஐந்து நிமிட வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தால் போதும்.

குழாயைப் பார்ப்பது எப்படி?

சோதனையில் பிழை தெரிந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த சாமான் அதுதான், கூடுதலாகக் கெடுவதும் அதுதான். இஞ்சின் ஆறிய பிறகு பூஸ்டரிலிருந்து தொடங்கி, குழாய் போகும் வழியெல்லாம் கையால் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் பாதித் தூரம் இரும்புப் பைப்பாகவும் பாதி ரப்பராகவும் இருக்கும். மூட்டுகளைக் கவனமாகப் பாருங்கள். குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எலி கடித்த தடம் இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, சூடான இடத்தில் உரசி இளகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியில் நன்றாக இருக்கும் குழாய் உள்ளே ஊறி வீங்கி அடைத்திருப்பதும் உண்டு. நல்ல குழாய் விரலால் நசுக்கினால் உடனே பழைய உருவத்துக்கு வரும். களிமண் போல நசுங்கினாலும், காய்ந்த குச்சி போல விறைத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, பூஸ்டர் பக்கத்து முனையைக் கழற்றி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அந்த முனையைப் பெருவிரலால் மூடிப் பாருங்கள். பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் கிட்டே கையோ சேலைத் தலைப்போ போகக் கூடாது. சில நொடிகளில் விரலைப் பலமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் குழாய் நல்லது, குறை பூஸ்டர் பக்கம். பிடிக்காவிட்டால் இஞ்சினை நிறுத்தி, குழாயின் மறுமுனையைக் கழற்றி, பம்ப் பக்கத்தில் அதே மாதிரிப் பாருங்கள். அங்கே இழுவை இருந்தால் நடுவில் குழாய் கெட்டிருக்கிறது. அங்கேயும் இல்லாவிட்டால் பம்ப்பில் குறை.

குழாயின் வழியில், அல்லது பூஸ்டரில் சேரும் இடத்தில், செக் வால்வு என்ற சின்னச் சாமான் இருக்கும். அது ஒருவழிப் பாதை. காற்று பூஸ்டரிலிருந்து இஞ்சின் பக்கம் போகலாம், திரும்பி வரக் கூடாது. கழற்றித் துடைத்து ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்றுப் போக வேண்டும். இஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. வாயால் உறிஞ்ச வேண்டாம், உள்ளே ஒயில் இருக்கலாம். பூட்டும்போது அம்புக்குறி இஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் புதுக் குழாய் போட்டாலும் பெடல் கல்லாகத்தான் இருக்கும்.

டீசல் வேனில் பம்ப் கெடுவதற்குப் பெரிய காரணம் இஞ்சின் ஒயில். ஆல்டர்னேட்டரில் இருக்கும் பம்ப்புக்கு இஞ்சின் ஒயில்தான் போகிறது. ஒயில் குறைந்தால் பம்ப் தேயும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பூட்டிய பிறகு பெடல் இறுகியதென்றால், அங்கே திரும்ப மாட்டிய குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யலாம், செய்யக் கூடாது

குழாய் மாற்றுவது, கிளிப் இறுக்குவது, செக் வால்வு மாற்றுவது, இவை வீட்டில் செய்யக்கூடிய வேலை. பழைய குழாயை வெட்டிக் கடைக்குக் கொண்டு போய், அதே உள்ளளவில், வெக்கியூமுக்கு என்றே செய்த தடித்த குழாய் கேளுங்கள். தண்ணீர்க் குழாயும் சாதாரணப் பெட்ரோல் குழாயும் உதவாது. தண்ணீர்க் குழாய் உள்ளிருந்து வெளியே தள்ளும் பலத்தைத் தாங்கும், வெளியிலிருந்து உள்ளே அமத்தும் பலத்தைத் தாங்காது. சூடானதும் ஒட்டிக்கொண்டு மூடிவிடும். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது நன்றாக இருந்து, பாதி வழியில் பெடல் இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். டேப் சுற்றுவது, கம்பி கட்டுவது, சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றுவது, இவை பிரேக்குக்கு ஆகாது. முனை மட்டும் வெடித்திருந்து, குழாய்க்கு நீளம் மிச்சம் இருந்தால், ஓர் அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டலாம். கசிவைத் தேடப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தெளிக்கவே வேண்டாம்.

பூஸ்டரைத் திறப்பதும், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவதும் கராஜ் வேலை. கழற்றிய குழாயில் பிரேக் ஒயில் ஈரம் தெரிந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் வாஷர் கசிந்து பூஸ்டருக்குள் ஒயில் போகிறது. போத்தலில் பிரேக் ஒயில் குறைகிறது, ஆனால் எந்தச் சில்லிலும் ஈரம் இல்லை என்றாலும் அதையே சந்தேகப்படலாம். அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். பிரேக் ஒயில் போத்தலுக்குள் இஞ்சின் ஒயில் ஒரு துளியும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

எந்த வேலை செய்தாலும், பூட்டி முடித்ததும் மூன்று சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். பிறகு சமபாதையில், ஆள் ஏற்றாமல், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் இறக்கம்.

பாதையில் நடந்தால்

இப்போது தொடக்கத்தில் சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். பெடல் பஞ்சாகி உள்ளே போனால் விட்டு விட்டு அடியுங்கள். அடிக்க அடிக்க ஒயில் கொஞ்சம் சேர்ந்து பிரேக் திரும்பலாம். ஆனால் பெடல் கல்லானால் அப்படி அடிக்கக் கூடாது. பூஸ்டருக்குள் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வெக்கியூம் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு தரம் காலை எடுக்கும்போதும் அதில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே முதுகைச் சீட்டில் ஊன்றி, தேவையானால் இரண்டு காலாலும், ஒரே தரமாக மிதித்து விடாமல் பிடியுங்கள். பிரேக் இருக்கிறது, வண்டி நிற்கும். அதற்குப் பலம் மட்டும் பல மடங்கு வேண்டும். கூடவே கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். முடியாத கட்டத்தில் பள்ளப் பக்கம் அல்ல, மண்மேட்டுப் பக்கம் வண்டியைச் சாய்த்து உரசவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: கல்லானால் அமத்திப் பிடி, பஞ்சானால் விட்டு விட்டு அடி. பிள்ளைகள் கூட இதை மனப்பாடம் பண்ணலாம்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. இறக்கத்தில் இஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருளவிடுவது. 2022 ஆம் ஆண்டு டீசலுக்கும் பெட்ரோலுக்கும் கியூவில் கிடந்த நாட்களில் பலர் இதைச் செய்தார்கள். கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இஞ்சின் நின்றால் வெக்கியூமும் நின்றுபோகும். முதல் வளைவில் ஒரு மிதி, இரண்டாம் வளைவில் ஒரு மிதி, மூன்றாம் வளைவில் பெடல் கல். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ரம்பொடை இறக்கத்திலும் கினிகத்தேனை இறக்கத்திலும் எத்தனை வளைவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிச்சமும் ஒன்றும் பெரிதாக இல்லை. கியரில் இறங்கும்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் இஞ்சினுக்கு டீசல் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் இஞ்சினிலும் அப்படித்தான். வண்டியே இஞ்சினைச் சுற்றுகிறது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். டீசலும் மிச்சம், பிரேக்கும் மிச்சம், உயிரும் மிச்சம்.

ஏறுபவர்களுக்கும் உரிமை உண்டு

2023 ஜனவரி 20 ஆம் திகதி இரவு நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலா வந்த பஸ், எதிரே வந்த வேனிலும் ஆட்டோவிலும் மோதிப் பள்ளத்தில் போனது. வேனிலும் ஆட்டோவிலும் இருந்த 7 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் பஸ்களுக்கும் பாரவாகனங்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே ஆராய வரவில்லை. அந்த பஸ்ஸின் பிரேக் முறையும் நான் இன்று சொன்ன முறையும் ஒன்றல்ல. ஆனால் நம்முடைய இறக்கங்கள் எவ்வளவு செங்குத்தானவை, ஒரு பிழைக்கு எத்தனை வீடு அழ வேண்டியிருக்கிறது என்பதை அந்த இரவு காட்டியது.

வேன் பிடித்துப் போகும் தாய்மார்களே, ஏறுவதற்கு முன் கேளுங்கள்: "தம்பி, பிரேக் பார்த்தாச்சா?" இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் அனுப்பும் பெற்றோர், மாதத்தில் ஒரு நாள் அந்த மூன்று சோதனையையும் தங்கள் முன்னால் செய்துகாட்டும்படி கேட்கலாம். இறக்கத்தில் இஞ்சினை நிறுத்தினால் பின் சீட்டிலிருந்தே சொல்லுங்கள்: "கியரைப் போடுங்க தம்பி." சாரதி தம்பிமாரே, அப்படி யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களை நம்பாமல் கேட்பதில்லை, உங்களை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

சாரதிக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. வண்டி வேறொருவருடையதாக இருக்கலாம். "பெடல் இறுகுது" என்று சொன்னால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று முதலாளி சொல்லலாம். அந்த நேரத்தில் ஊர் சாரதியின் பக்கம் நிற்க வேண்டும். குழாய் மாற்றும்வரை அந்த வண்டியில் ஏற மாட்டோம் என்று நான்கு குடும்பம் சேர்ந்து சொன்னால், அடுத்த நாளே குழாய் வரும். ஒரு முழக் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கும் காசு, ஒரு நாள் ஓட்டத்தில் வருகிற காசை விடக் குறைவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் லயத்து வாசலில் நிற்கும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.